சார்ட் போடுவோம், சரியாய்ப் போடுவோம்!



சார்ட் என்றதும் நம்மில் பாதிப் பேருக்கு ஞாபகம் வருவது கடையில் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டுத் தருவார்களே, அந்தச் சார்ட் பேப்பர்தான். நான் எழுதப்போவது அதைப் பற்றி இல்லை. கம்ப்யூட்டர் லேபில் எக்ஸெல், லிபர் ஆபீஸ் கால்க் போன்ற விரிதாள் மென்பொருளில் எண்களைக் கொடுத்தால் படமாக வரைந்து தருகிறதே, அந்தச் சார்ட்டைப் பற்றி. கணக்குப் புத்தகத்தில் பட்டை வரைபடம், கோட்டு வரைபடம், வட்ட விளக்கப்படம் என்று படிக்கிறோமே, அதேதான்.

"இதுல எழுதறதுக்கு என்னடா இருக்கு? செலக்ட் பண்ணு, இன்செர்ட் போ, சார்ட்ட கிளிக் பண்ணு, முடிஞ்சுது"ன்னு நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைத்தேன், போன வருஷம் வரைக்கும்.

போன வருஷம் இதே சுவரில் நான் ஒரு சார்ட் ஒட்டினேன். எங்கள் வகுப்பின் ஏ பிரிவு, பி பிரிவு இரண்டின் ஒரு மாத வருகைக் கணக்கு. ஏ பிரிவு 96 சதவீதம். பி பிரிவு 92 சதவீதம். எக்ஸெலில் அடித்து, தூண் மாதிரி நிற்கும் சார்ட் போட்டு, பிரிண்ட் எடுத்து ஒட்டிவிட்டேன். ஏ பிரிவின் தூண் உசரமாக நின்றது. பி பிரிவின் தூண் அதில் மூன்றில் ஒரு பங்குதான். நான் ஏ பிரிவு. அதனால் கொஞ்சம் பெருமை வேறு.

சாப்பாட்டு பெல் அடிப்பதற்குள் பி பிரிவுப் பசங்களை எல்லோரும் கிண்டல் பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களில் ஒருவன் நேராக என்னிடம் வந்தான். "எங்க கிளாஸ்ல முக்கால்வாசிப் பேர் வரதே இல்லன்ற மாதிரி போட்டிருக்கியேடா" என்றான். "நான் என்னடா பண்றது? எண்ணு சரிதானே, படம் கம்ப்யூட்டர் போட்டுது" என்றேன்.

கணக்கு மிஸ் அந்தப் பக்கம் வந்தார்கள். ஒன்றும் திட்டவில்லை. என் ஜாமெட்ரி பாக்ஸில் இருந்த ஸ்கேலை வாங்கி இரண்டு தூணையும் அளந்தார்கள். ஒன்று 6 செ.மீ., இன்னொன்று 2 செ.மீ. "96, 92க்கு மூணு மடங்காப்பா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் லேபில் உட்கார்ந்து தேடித்தான் தெரிந்துகொண்டேன். அதோடு நிறுத்தாமல், வேறு என்னென்ன தப்பு வரும் என்று நம்ம ஊர் எண்களையே போட்டுப் பார்த்தேன். அதைத்தான் எட்டுக் குறிப்புகளாக இங்கே எழுதியிருக்கிறேன்.

குறிப்பு 1: தூண் பூஜ்யத்தில் நிற்க வேண்டும்

எண்கள் ஒன்றுக்கொன்று ரொம்பப் பக்கத்தில் இருந்தால் எக்ஸெல் தானாகவே ஒய் அச்சைப் பூஜ்யத்தில் ஆரம்பிக்காது. 96க்கும் 92க்கும் அது 90ல் ஆரம்பித்தது. அதனால் 90க்கு மேலே இருந்த 6ம் 2ம்தான் தூணாகத் தெரிந்தது. கீழே இருந்த 90ஐ யாரோ வெட்டி எடுத்த மாதிரி. ஓரத்தில் 90 என்று சின்னதாக அச்சாகியிருந்தது. அதை யார் படிக்கிறார்கள்? கண் தூணின் நீளத்தைத்தான் பார்க்கும்.

சரி செய்வது சுலபம். எக்ஸெலில் ஒய் அச்சின் மேல் வலது கிளிக் செய்து ஃபார்மேட் ஆக்சிஸ் போங்கள். மினிமம் என்ற இடத்தில் 0 என்று அடியுங்கள். கால்க்கில் சார்ட்டை டபுள் கிளிக் செய்து, பிறகு அச்சை டபுள் கிளிக் செய்தால் ஸ்கேல் என்ற பக்கம் வரும். அங்கே மினிமத்தில் ஆட்டோமேட்டிக் டிக்கை எடுத்துவிட்டு 0 போடுங்கள். இப்போது ஏ பிரிவுத் தூண் 9.6 செ.மீ. என்றால் பி பிரிவுத் தூண் 9.2 செ.மீ. வித்தியாசம் 4 மில்லிமீட்டர். உண்மை அவ்வளவுதான்!

கோட்டு வரைபடத்துக்கு இந்தக் கட்டாயம் இல்லை. காய்ச்சல் சார்ட்டைப் பூஜ்யம் டிகிரியில் ஆரம்பித்தால் 98.6ம் 103ம் ஒரே கோடாகத் தெரியும், டாக்டருக்கு ஒன்றும் புரியாது. கோட்டில் நாம் பார்ப்பது ஏற்ற இறக்கம், தூணில் பார்ப்பது நீளம். இந்த வித்தியாசத்தை மறக்காதீங்க.

குறிப்பு 2: கட்டத்தில் எண்ணை மட்டும் அடிக்கவும்

நம் யூனியன் பிரதேசத்தின் நான்கு பகுதிகளின் மக்கள்தொகை, 2011 கணக்கெடுப்பின்படி:

புதுச்சேரி – 9,50,289
காரைக்கால் – 2,00,222
ஏனாம் – 55,626
மாஹே – 41,816
மொத்தம் – 12,47,953

இதை அடிக்கும்போது நான் "41816 பேர்" என்று அடித்தேன். சார்ட்டில் மாஹேவே காணோம்! எழுத்து சேர்ந்துவிட்டால் விரிதாள் அதை எண்ணாக எடுக்காது. சார்ட்டில் பூஜ்யமாகிவிடும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. எண் என்றால் கட்டத்தின் வலது ஓரத்தில் ஒட்டி நிற்கும், எழுத்து என்றால் இடது ஓரத்தில் நிற்கும். "பேர்", "ரூபாய்", "செ.மீ." எல்லாம் மேலே தலைப்பு வரிசையில் இருக்கட்டும். காற்புள்ளி வேண்டுமானால் அடித்த பிறகு ஃபார்மேட் செல்ஸில் போட்டுக்கொள்ளலாம்.

குறிப்பு 3: மொத்தத்தைச் சேர்க்காதே

மேலே உள்ள ஐந்து வரியையும் அப்படியே செலக்ட் செய்து பை சார்ட் போட்டுப் பாருங்கள். வட்டத்தில் சரிபாதியை "மொத்தம்" பிடித்துக்கொள்ளும். புதுச்சேரிக்கு 38 சதவீதம் என்று வரும். உண்மையில் புதுச்சேரிப் பகுதிக்கு 76.1 சதவீதம். காரைக்காலுக்கு 16, ஏனாமுக்கு 4.5, மாஹேவுக்கு 3.4. செலக்ட் செய்யும்போது மொத்தம் இருக்கும் கடைசி வரியை விட்டுவிடுங்கள். கண்காட்சிகளில் நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான்.

குறிப்பு 4: எல்லாத்துக்கும் பை சார்ட் வேண்டாம்

பை சார்ட் பார்க்க அழகு, ஒத்துக்கிறேன். "மொத்தத்தில் முக்கால் பங்கு புதுச்சேரி" என்று சொல்ல அது போதும். ஆனால் ஏனாம் பெரிசா, மாஹே பெரிசா என்று கேட்டால் வட்டத்தில் இரண்டும் மெல்லிய கீற்றுதான். அந்தக் கேள்விக்குப் படுத்த பட்டைச் சார்ட் போட்டால் சட்டென்று தெரியும். முதலில் டேட்டாவைப் பெரியது முதல் சிறியது வரை வரிசைப்படுத்திக்கொள்ளுங்கள். படுத்த பட்டையில் எக்ஸெல் முதல் வரியைக் கீழே போடும், தலைகீழாக இருக்கும். பயப்படாதீங்க. பகுதிப் பெயர்கள் உள்ள அச்சின் ஃபார்மேட்டில் "கேட்டகரீஸ் இன் ரிவர்ஸ் ஆர்டர்" என்பதை டிக் செய்தால் நேராகிவிடும்.

இன்னொன்று. மாஹேவைச் சின்னது என்று மட்டம் தட்டிவிடக்கூடாது. மாஹேவின் பரப்பு 9 சதுர கிலோமீட்டர்தான். புதுச்சேரிப் பகுதி 294. மக்கள்தொகையைப் பரப்பால் வகுத்துப் பாருங்கள். புதுச்சேரியில் ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சுமார் 3,200 பேர், மாஹேவில் சுமார் 4,600 பேர். முதல் சார்ட்டில் கடைசியில் நின்றது, இந்தச் சார்ட்டில் நம்மை முந்துகிறது. இரண்டு சார்ட்டும் உண்மைதான், கேள்விதான் வேற. அதனால் கணினி முன்னால் உட்காரும் முன்பே, நாம் என்ன கேள்வி கேட்கிறோம் என்று நோட்டில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

குறிப்பு 5: வருடம் ஓர் எண் இல்லை, ஒரு பெயர்

புதுச்சேரி மாநில மக்கள்தொகை வளர்ச்சிக்குக் கோட்டு வரைபடம் போடலாம் என்று நினைத்தேன். 1954 நவம்பர் 1ஆம் தேதி பிரெஞ்சு ஆட்சி கைமாறியது. அதனால் அதற்குப் பிறகு வந்த 1961 கணக்கெடுப்பில் ஆரம்பித்தேன்.

1961 – 3,69,079
1971 – 4,71,707
1981 – 6,04,471
1991 – 8,07,785
2001 – 9,74,345
2011 – 12,47,953

இரண்டு நெடுவரிசையையும் செலக்ட் செய்து லைன் சார்ட் போட்டால் இரண்டு கோடு வந்தது! கீழே தரையோடு ஒட்டி ஒரு கோடு. அது என்னன்னு பார்த்தா, வருஷம். 1961, 1971 எல்லாவற்றையும் எக்ஸெல் மக்கள்தொகை மாதிரி இன்னொரு எண்ணாக நினைத்து வரைந்துவிட்டது. எக்ஸ் அச்சில் வருஷத்துக்குப் பதில் 1, 2, 3 என்று வந்தது.

இதற்கு ஒரு சின்ன வித்தை. வருடம் இருக்கும் நெடுவரிசையின் தலைப்புக் கட்டத்தை, அதாவது ஏ1ஐ, காலியாக விட்டுவிட்டு செலக்ட் செய்யுங்கள். எக்ஸெல் அதைப் பெயராக எடுத்துக்கொள்ளும். கால்க்கில் சார்ட் விசார்டின் டேட்டா ரேஞ்ச் பக்கத்தில் "ஃபர்ஸ்ட் காலம் ஆஸ் லேபிள்" டிக் செய்தால் போதும்.

நடுவில் இரண்டு வருடம் கிடைக்கவில்லை என்று 1971க்கு அடுத்து 2001ஐப் போட்டால் என்ன ஆகும்? லைன் சார்ட் 10 வருடத்துக்கும் 30 வருடத்துக்கும் ஒரே இடைவெளி விடும். மக்கள்தொகை திடீரென்று குதித்த மாதிரித் தெரியும். அந்த மாதிரி நேரத்தில் எக்ஸ்ஒய் ஸ்கேட்டர் வகையை எடுங்கள். அது வருடத்தை அளந்து இடம் விடும். 2011க்குப் பிறகு கோட்டை இஷ்டத்துக்கு நீட்டாதீங்க. 2021ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு அந்த வருடம் நடக்கவில்லை. எண் இல்லாத இடத்தில் கோடும் இருக்கக்கூடாது.

குறிப்பு 6: எல்லா எண்ணும் ஒரே அலகிலா?

ஃபெஞ்சல் புயலை நாம் மறக்க முடியாது. 2024 டிசம்பர் 1ஆம் தேதி காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் 46 செ.மீ. மழை. அதற்கு முன் 2004 அக்டோபர் 31ல் பெய்த 21 செ.மீ.தான் பெரிய மழையாகச் சொல்லப்பட்டது. இதற்குச் சார்ட் போட்ட என் நண்பன் ஒருவன் 2004க்கு 210 என்றும் 2024க்கு 46 என்றும் அடித்துவிட்டான். ஒரு இடத்தில் மில்லிமீட்டர், இன்னொரு இடத்தில் சென்டிமீட்டர். 2004 மழை வானத்துக்கு நிற்கிறது, ஃபெஞ்சல் தூறல் மாதிரி கிடக்கிறது. ரோட்டில் முட்டியளவு தண்ணியைப் பார்த்தவனே அப்படிப் போட்டான் என்றால், பார்க்காதவர்கள் நம்பிவிட மாட்டார்களா? கணினிக்கு மில்லிமீட்டரும் தெரியாது, சென்டிமீட்டரும் தெரியாது. நாம்தான் பார்க்க வேண்டும். அச்சுக்குப் பக்கத்தில் அலகைக் கட்டாயம் எழுதுங்கள்.

குறிப்பு 7: 3டியும் வேண்டாம், உப்பிய படமும் வேண்டாம்

3டி பை சார்ட்டில் நமக்கு முன்னால் இருக்கும் துண்டு அதன் அளவைவிடப் பெரிதாகத் தெரியும், பின்னால் இருப்பது சுருங்கித் தெரியும். 3டி தூணில் எந்த எண்ணுக்கு நேராக முடிகிறது என்றே சொல்ல முடியாது. சாதா 2டி போதும்.

தூணுக்குப் பதில் மழைத்துளி படம் வைக்கிறவர்களும் கவனிக்கணும். 46 என்பது 21ஐப் போல 2.2 மடங்கு. துளியை 2.2 மடங்கு உசரமாக இழுத்தால் அகலமும் 2.2 மடங்கு ஆகும். பரப்பு கிட்டத்தட்ட 4.8 மடங்கு ஆகிவிடும். அதற்குப் பதில் ஒரே அளவுத் துளிகளை அடுக்குங்கள். 10 செ.மீ.க்கு ஒரு துளி என்று வைத்தால் இங்கே 2, அங்கே நாலரை.

நிறத்திலும் ஒரு விஷயம். நம் லேப் பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சிவப்பும் பச்சையும் ஒரே சாம்பல்தான். சில பேருக்கு நேரில் பார்த்தாலே அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. அதனால் ஒன்று அடர்த்தி, ஒன்று வெளிர் என்று வையுங்கள். பக்கத்திலேயே எண்ணையும் போட்டுவிடுங்கள். அதற்கு டேட்டா லேபிள் என்று ஒரு வசதி இருக்கிறது.

குறிப்பு 8: யாருக்காகப் போடுகிறோம்?

நம்ம தவளக்குப்பத்துக்குப் பக்கத்தில் நடந்ததையே சொல்கிறேன். 1998ல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்கள் ஆரம்பித்தது. வீராம்பட்டினம் மையத்தில், அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்தில் இருந்து அலை உயரக் கணக்கை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் சொன்னார்கள். கட்டுமரம் தள்ளுகிறவருக்கு வேண்டியது அட்டவணை இல்லை. இன்றைக்கு அலை எவ்வளவு உசரம், போகலாமா வேண்டாமா, அவ்வளவுதான்.

நல்லவாட்டிலும் அப்படி ஒரு மையம் இருந்தது. 2004 டிசம்பர் 26 காலையில், சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர் சுனாமி செய்தியைப் பார்த்துவிட்டு ஊருக்குப் போன் செய்தார். மையத்தின் ஒலிபெருக்கியில் ஊரையே எச்சரித்தார்கள். படகும் வீடும் போனது, ஆனால் ஜனங்கள் தப்பித்தார்கள். தகவல் சரியாக இருந்தால் மட்டும் போதாது, கேட்கிறவருக்கு உடனே புரிய வேண்டும்.

நம் சார்ட்டின் தலைப்பும் அப்படித்தான் இருக்கணும். "மழை விவரம்" என்று போட்டால் யாருக்கு என்ன தெரியும்? "ஃபெஞ்சல் ஒரே நாளில் கொட்டியது 2004ஐவிட இரண்டு மடங்குக்கும் மேல்" என்று போடுங்கள். படிக்கத் தெரிந்த தாத்தாவுக்கும் புரியும். எண்களை எங்கிருந்து எடுத்தோம், எந்த வருடத்தது என்று கீழே சின்னதாக எழுதுவதும் கட்டாயம்.

கொஞ்சம் வரலாறு

தூண் படத்தையும் கோட்டுப் படத்தையும் கணக்கு விவரங்களுக்குப் பயன்படுத்திப் புத்தகமே போட்டவர் ஸ்காட்லாந்துக்காரர் வில்லியம் பிளேஃபேர், 1786ல். வட்டப் படமும் அவருடையதுதான், 1801ல். விளக்கேந்திய மங்கை ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேலை நர்ஸாகத்தான் நமக்குத் தெரியும். கிரிமியப் போரில் சிப்பாய்கள் காயத்தைவிட நோயால்தான் அதிகம் செத்தார்கள் என்பதை 1858ல் ஒரு படமாக வரைந்து காட்டியவரும் அவர்தான். கணினியில் வந்த முதல் பிரபலமான விரிதாள் 1979ன் விசிகால்க். எக்ஸெல் 1985ல் வந்தது. 2000களில் நம் அண்ணன்களும் அக்காக்களும் பிளஸ் ஒன்னில் படித்தது ஸ்டார் ஆபீஸ் கால்க். அதன் வழியில் வந்ததுதான் ஓப்பன் ஆபீஸும் இப்போதைய லிபர் ஆபீஸும்.

கடைசியாக ஒன்று

என் பழைய சார்ட்டைக் கிழித்துவிட்டு, பூஜ்யத்தில் ஆரம்பிக்கும் புதுச் சார்ட்டை ஒட்டினேன். கீழே "முதல் படம் தவறு. பி பிரிவு நண்பர்கள் மன்னிக்கவும்" என்று என் கையால் எழுதினேன். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

இரண்டு வாரம் கழித்து பி பிரிவு மாணவன் ஒருவன் நொண்டிக்கொண்டே வந்து இந்தச் சுவருக்கு முன்னால் நின்றான். சைக்கிளில் இருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டு போட்டு வீட்டில் படுத்திருந்தவன். என்னைக் கூப்பிட்டு, "அந்தக் குட்டைத் தூண் நான்தாண்டா" என்றான். எனக்கு முதலில் புரியவில்லை. அப்புறம் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கணக்குப் போட்டேன்.

பி பிரிவில் 25 பேர். அந்த மாதம் 24 வேலை நாள். 25ஐ 24ஆல் பெருக்கினால் 600. அதில் 8 சதவீதம் லீவு, அதாவது 48. அதில் 24 அவன் ஒருத்தனுடையது, மாதம் முழுக்க. மற்ற 24 பேரும் சேர்ந்து போட்ட லீவு மீதி 24. எங்கள் ஏ பிரிவிலும் 25 பேர்தான். எங்கள் லீவு 4 சதவீதம், அதுவும் 24தான்! வித்தியாசம் மொத்தமும் ஒரு பையனின் உடைந்த கால். அதற்காக ஒரு வகுப்பையே சோம்பேறி என்று கிண்டல் பண்ண வைத்திருக்கிறேன்.

புதுச் சார்ட்டில் அச்சு சரியாக இருந்தது, தலைப்பு சரியாக இருந்தது. ஆனால் "ஏன் குறைஞ்சுது?" என்று நான் கேட்கவே இல்லை. அதைக் கேட்க எக்ஸெலில் பட்டன் கிடையாது. வகுப்பில் போய் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும்.

அதனால் நண்பர்களே, சார்ட் ஒட்டும் முன் ஸ்கேல் எடுத்து அளந்து பாருங்கள். எண்ணுக்கும் நீளத்துக்கும் பொருந்துகிறதா? அலகு ஒன்றா? மொத்தம் சேர்ந்துவிட்டதா? கடைசியாக, அந்தத் தூணில் இருப்பவர் யார், அவரிடம் கேட்டோமா?

செய்து பாருங்கள்: குறிப்பு 5ல் உள்ள ஆறு எண்களை வைத்து, எந்தப் பத்து வருடத்தில் அதிகம் பேர் கூடினார்கள் என்று காட்டும் ஒரு சார்ட் போடுங்கள். எந்த வகைச் சார்ட் எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்து என்னிடம் கொடுங்கள். நல்லதை அடுத்த தாளில் கிராப் பேப்பரில் வரைந்து ஒட்டுகிறேன். தப்பு இருந்தால் சேர்ந்து திருத்துவோம்.


– பதினொன்றாம் வகுப்பு மாணவன், ஏ பிரிவு